கைதட்டினால் மட்டும் போதுமா?

பழைய ராஜா ராணிப் படம் என்றால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. என் மாமியார் ஒரு கட்சி. பத்து வயசுப் பையன் எதிர்க்கட்சி. "கறுப்பு வெள்ளைப் படமா? ரிமோட்டைக் குடும்மா" என்று அவன் கத்துவான். "அட போடா, உங்க படத்துல ஒரே ரத்தம். எங்க படத்துல வாள் பளபளன்னு மின்னும்" என்று அத்தை விட மாட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முற்றத்தில் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் தருமபுரிப் பக்கம் புளி சீசன் என்றால் பெண்களுக்கு உட்கார்ந்த இடத்தில் வேலைதான். டி.வி.யில் 'மந்திரி குமாரி' வந்தது. அத்தை தட்டுக்கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே கூடத்துக்கே போய்விட்டார். நானும் என் பெண்ணும் பின்னாலேயே போனோம்.

இந்தப் படம் 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. டி.ஆர்.சுந்தரம் முதலாளி. அவரும் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கரும் சேர்ந்து இயக்கினார்கள். வசனம் மு.கருணாநிதி. எம்.ஜி.ஆர். தளபதியாக வருவார். அப்போது எங்கள் ஊரும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. 1965-ல்தான் தருமபுரி தனி மாவட்டம் ஆனது. அதனால் அத்தைக்கு அது 'நம்ம ஊர்ப் படம்'. டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து இந்தப் படங்களைப் பார்த்த கதையை நூறு தரம் சொல்லியிருப்பார். சேலத்தில் ஏற்காடு சாலையில் அந்த ஸ்டூடியோவின் நுழைவு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. பஸ்ஸில் போனால் ஜன்னல் பக்கம் கை நீட்டிக் காட்டுவார்.

படத்தின் கடைசிப் பக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். மந்திரி மகள் அமுதவல்லி தன் புருஷன் ஒரு கொள்ளைக்காரன் என்று தெரிந்துகொள்கிறாள். அவன் ஆசையாய்ப் பேசி அவளை மலை உச்சிக்குக் கூட்டிப்போகிறான், தள்ளிக் கொல்வதற்காக. சாகிறதுக்கு முன் உங்களை மூன்று முறை வலம் வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்கிறாள் அவள். அவனும் கர்வமாய் நிற்கிறான். சுற்றி வந்தவள் பின்னாலிருந்து ஒரே தள்ளு! ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்றான குண்டலகேசியின் கதைதான் இது.

அத்தை புளியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். "கும்புடற மாதிரி கும்புட்டு தள்ளிவிட்டா பாரு, அவ பொம்பள!" என்றார்.

ஒன்பதாவது படிக்கிற என் பெண் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஏன் ஆயா, அவ மலை மேல புருஷனைத் தள்ளிவிட்டா கை தட்டறே. நான் பத்து நாள் என்.சி.சி. கேம்ப் போறேன்னா மட்டும் பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்கறே?"

கூடத்தில் சத்தமே இல்லை. டி.வி. மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் சம்மதக் கடிதம் கொடுத்திருந்தார்கள். அப்பா கையெழுத்துப் போட வேண்டும். வெளியூரில் பத்து நாள் தங்கணும், துப்பாக்கி சுடச் சொல்லித்தருவார்கள் என்றதும் அவர் காகிதத்தை மடித்து டி.வி. பெட்டி மேல் வைத்துவிட்டார். அத்தையும் "வயசுக்கு வந்த புள்ளைய ஊரு விட்டு ஊரு அனுப்பறதா?" என்றார். நானும் வாய் திறக்கவில்லை. அதைத்தான் வெட்கத்தோடு எழுதுகிறேன். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியும், பஸ் ஏறி ப்ளஸ் ஒன் போக வேண்டும் என்பதற்காகவே என்னை நிறுத்தினார்கள். அன்றைக்கு என் அம்மா இப்படித்தான் அடுப்படியில் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் ரசித்த சண்டைப் படங்களை எல்லாம் ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்த்தேன். 1948-ல் ஜெமினி வாசன் எடுத்த 'சந்திரலேகா'. இரண்டு இளவரசர்கள் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கிராமத்துப் பெண் டி.ஆர்.ராஜகுமாரி. பெரிய பெரிய முரசுகளின் மேல் பெண்கள் ஆட, முரசுக்குள்ளே வீரர்கள் ஒளிந்திருந்து பாய்வார்களே, கோட்டையைப் பிடிக்கும் அந்த யுக்தியில் துணிந்து இறங்குகிறவள் அவள்தான். 1956-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் கொண்டுவந்த முதல் தமிழ் வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. அலிபாபா கதையிலே திருடர்களின் சூழ்ச்சியைக் கண்டுபிடிக்கிறவள் மர்ஜியானா என்ற வேலைக்காரப் பெண். படத்தில் அது பானுமதி.

எல்லாப் படமும் இப்படி என்று சொல்ல வரவில்லை. முக்கால்வாசிப் படங்களில் கதாநாயகி சிறையில் கண்ணீர் விடுவாள், அம்மா கோயிலில் மணி அடிப்பாள். கதாநாயகன் கயிற்றில் தொங்கி வந்து காப்பாற்றுவான். 1958-ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில் அத்தனை துடுக்காய்ப் பேசும் பானுமதியைப் பாதியிலேயே சாகடித்துவிடுவார்கள். மீதிப் படத்தில் நமக்கு அந்தப் பேச்சு கிடைக்காது. என் பையன் செய்தித்தாளைச் சுருட்டி வாள் செய்துகொண்டு அக்காவிடம் "நீ இளவரசி, உன்னைக் கட்டிப் போட்டுட்டேன்" என்று விளையாடுவது எங்கிருந்து வந்தது? இந்தப் படங்களிலிருந்தும்தான்.

ஆனால் நிஜத்தில் பெண்கள் அந்தக் காலத்திலேயே கட்டுண்டு கிடக்கவில்லை. 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி ஜான்சி ராணிப் படை தொடங்கினார். தலைமை தாங்கியவர் கேப்டன் லட்சுமி. மலேயா ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் பலர் அதில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார்கள். பள்ளிக்கூட வாசலையே பார்க்காத பெண்கள் எத்தனையோ பேர்! அவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஒளவையார். போர் மூளாமல் பேசப்போன பெண் அவர். 1953-ல் கே.பி.சுந்தராம்பாளை வைத்து ஜெமினி 'ஒளவையார்' படம் எடுத்தபோது ஊர் ஊராய்க் கும்பிட்டுப் பார்த்தார்கள். அதியமான்கோட்டை வழியாகத் தினம் பஸ்ஸில் போகிறோம். அந்த ஒளவையும் ஊர் விட்டு ஊர் போன பெண்தானே என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்றைக்கோ, ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி கொடுக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆண்கள் மட்டுமே படித்த தேசிய பாதுகாப்பு அகாடமியில் 2022-லிருந்து பெண்களும் சேர்கிறார்கள். முதல் அணி 2025-ல் படிப்பு முடித்து வெளியே வந்தது. என் பெண் அவ்வளவு தூரம் போவாளா என்று எனக்குத் தெரியாது. போக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஆனால் பத்து நாள் முகாமுக்குக்கூட விடாமல் வைத்துக்கொண்டு, 'பெண் பிள்ளைகளைக் காப்போம்' என்று பேசுவதில் என்ன அர்த்தம்? பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் முதலில் சேலத்தில்தான் வந்தது. பிறகு எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. தொட்டிலில் காப்பாற்றினால் போதுமா? பதினாலு வயசில் அவள் காலைக் கட்டாமல் இருக்க வேண்டாமா?

பயம் எனக்கும் உண்டு, தோழிகளே. பேப்பரில் தினம் படிக்கிற செய்திகள் அப்படி. அதனால் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு நானே போனேன். எங்கே தங்கவைப்பார்கள், கூட எந்த டீச்சர் வருவார்கள், அவசரத்துக்கு எந்த நம்பருக்குப் பேசணும் என்று ஒன்றுவிடாமல் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். பயத்துக்கு விசாரிப்பதுதான் மருந்து. கதவைச் சாத்துவது மருந்து இல்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாயைத் திறக்குமுன் அத்தையின் குரல் முற்றத்திலிருந்து வந்தது. "போட்டுக் குடுடா கையெழுத்து. புள்ள போய்ட்டு வரட்டும். நான் கொட்டகைக்குப் போகணும்னு கேட்டதுக்கே எங்கப்பன் அடிச்சாரு. திருட்டுத்தனமாத்தான் படம் பார்த்தேன்." இத்தனை வருஷத்தில் அந்தக் கதையின் இந்தப் பாதியை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை.

கையெழுத்து விழுந்தது. "இந்த ஒரு தடவைதான்" என்று கண்டிஷனோடு! சரி, அடுத்த தடவைக்கு அடுத்த தடவை பேசிக்கொள்ளலாம்.

இப்போதும் பையன் செய்தித்தாள் வாளோடுதான் திரிகிறான். "அக்காவுக்கும் ஒண்ணு சுருட்டிக் குடுடா" என்றிருக்கிறேன். சினிமாவில் வீரப் பெண்ணைக் கண்டு கைதட்டுகிற நாம், நம் வீட்டுப் பெண் வாசப்படி தாண்டினால் மட்டும் ஏன் கையைப் பிடித்து இழுக்கிறோம்? உங்கள் வீட்டிலும் டி.வி. பெட்டி மேல் ஏதாவது காகிதம் மடித்துக் கிடக்கிறதா, எடுத்துப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.