‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’: ஏற்கெனவே போனவர்களுக்கு யார் சொல்வது?

மழை சீசனில் வானிலை அறிக்கையைத் திறந்ததும் நாம தேடுவது இரண்டே விஷயம். நாளைக்கு நம்ம ஊரில் மழை இருக்கா? ஸ்கூலுக்கு லீவு விடுவாங்களா? பதில் கிடைத்ததும் போனை வைத்துவிடுகிறோம். ஆனால் அறிக்கை அங்கே முடிவதில்லை. கடைசியில் ‘மீனவர்களுக்கான எச்சரிக்கை’ என்று ஒரு பகுதி இருக்கும். குமரிக்கடல், மன்னார் வளைகுடா பகுதிகளில் சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும், அங்கே போக வேண்டாம் என்று அதில் சொல்லியிருப்பார்கள்.

நமக்கு அது ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போகிற வரி. கடலில் இருப்பவருக்கு உயிர் சம்பந்தப்பட்ட வரி. அதில் இருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம், அது யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்க்கலாம்.

45-க்கும் 65-க்கும் என்ன பெரிய வித்தியாசம்?

பைக்கில் 45-லிருந்து 65-க்குப் போனால் பெரிதாகத் தெரியாது. காற்றின் கணக்கு வேறு. காற்று ஒரு பொருள் மீது கொடுக்கும் அழுத்தம், அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். அதாவது 45 கி.மீ. காற்று தள்ளுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விசையோடு 65 கி.மீ. காற்று தள்ளும். ‘இடையிடையே’ என்ற சின்ன வார்த்தைக்குள் இருப்பது இதுதான். சீராக வீசும் காற்றுக்கு ஏற்றபடி படகைத் திருப்பி வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கும்போது, திடீரென இரண்டு மடங்கு விசையில் ஒரு அடி விழும்.

‘3 மீட்டர் அலை’ என்றால் 3 மீட்டர்தானா?

இல்லை. கடல் நிலை முன்னறிவிப்பை ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், வெளியிடுகிறது. அதில் சொல்லப்படும் அலை உயரம் ஒரு சராசரி. 100 அலைகள் வந்தால், அவற்றில் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். ஆகவே 3 மீட்டர் என்று போட்டிருந்தால், நடுவில் ஏறக்குறைய 6 மீட்டர் அலையும் வரலாம். அது இரண்டு மாடி உயரம்.

அலையின் உயரத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றின் வேகம், அது எவ்வளவு நேரம் வீசுகிறது, எவ்வளவு தூரத்துக்குத் தடையில்லாமல் வீசுகிறது. கரையில் நிற்பவருக்குக் காற்று சாதாரணமாகத் தெரிந்தாலும் நடுக்கடல் வேறு மாதிரி இருப்பது இதனால்தான்.

காற்றே இல்லாமல் அலை வருமா?

வரும். அதற்குப் பெயர் கள்ளக்கடல். தெற்கு இந்தியப் பெருங்கடலில், பல ஆயிரம் கி.மீ. தள்ளி வீசும் புயல்காற்று கிளப்பிவிடும் நீண்ட அலைகள், சில நாள்கள் பயணம் செய்து கேரள, குமரிக் கரைகளுக்கு வந்து சேரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும். காற்றும் இருக்காது. கடல் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் ஏறும்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்தது இப்படிப்பட்ட ஒரு நேரத்தில்தான். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. எச்சரிக்கை வெளியாவது வேறு, கரையில் நிற்பவர் காதில் அது விழுவது வேறு.

கூண்டு எண் ஏற ஏற ஆபத்தும் ஏறுமா?

ஓரளவுக்குத்தான். துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை. 1, 2 என்றால் ஆபத்து தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்தையே மோசமான வானிலை பாதிக்கலாம். 5, 6, 7 மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஆபத்தைச் சொல்பவை. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேராக அதன் மேலேயே கடக்குமா என்பதில்தான் வேறுபாடு. 8, 9, 10 அதே மாதிரி, ஆனால் தீவிரமான புயலுக்கு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

இந்தக் கூண்டு கரையில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியும். பல நூறு கி.மீ. தள்ளி வலை போட்டுக்கொண்டிருப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஒக்கி: 24 மணி நேரக் கணக்கு

இந்தக் கேள்வியின் விலையை 2017-ல் நாம் பார்த்தோம். அந்த ஆண்டு நவம்பர் 29 காலை, இலங்கைக்கு அருகே தென்மேற்கு வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. தாழ்வு மண்டலம் என்றால் காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 50 கி.மீ. வரை. மறுநாள் 30-ம் தேதி காலை, குமரிக்கடல் பகுதியில் அது ஒக்கி புயலாகிவிட்டது. புயல் என்றால் குறைந்தது 62 கி.மீ. நடுவில் இருந்தது சுமார் 24 மணி நேரம்தான். பிறகு அரபிக்கடலுக்குள் போய் மிகத் தீவிரப் புயலாகவும் மாறியது.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற குமரி மாவட்ட ஊர்களின் விசைப்படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவை. ஒரு படகு கரையிலிருந்து 370 கி.மீ. தள்ளி நிற்கிறது, மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கரை சேர 24 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதாவது தாழ்வு மண்டலம் உருவான அந்த நிமிடமே தகவல் கிடைத்திருந்தாலும் நேரம் பத்தாது. தகவலே கிடைக்காதவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

உயிர் தப்பியவர்களில் சிலர் லட்சத்தீவிலும், மகாராஷ்டிரா, குஜராத் கரைகளிலும் ஒதுங்கினார்கள். குமரியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போன பலர் திரும்பவே இல்லை.

அதன் பிறகு என்ன மாறியது?

செல்போன் சிக்னல் கரையிலிருந்து சுமார் 10, 12 கி.மீ. வரைதான் கிடைக்கும். அந்த இடைவெளியை அடைக்க 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற கருவி அறிமுகமானது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி, ப்ளூடூத் மூலம் மீனவரின் போனுக்கு அனுப்பும். ஆனால் அது ஒருவழிப் பாதை. படகு கேட்கலாம், பதில் பேச முடியாது.

அடுத்து வந்தது இருவழித் தகவல் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர். 13 கடலோர மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களில், 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் இதைப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30 அன்று மத்திய அரசு தொடங்கியது. ஆபத்து என்றால் படகிலிருந்தே கரைக்குச் சொல்ல முடியும். படகு எங்கே நிற்கிறது என்பதும் தெரியும்.

நல்ல மாற்றம்தான். ஆனால் கருவி வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. டீசலுக்கும் ஐஸுக்கும் கடன் வாங்கிப் போன படகு, பாதியில் திரும்பினால் அந்தச் செலவு மீனவர் தலையில்தான் விழுகிறது. எச்சரிக்கை பெரிய பரப்புக்குப் பொதுவாக வருகிறது. தான் நிற்கும் இடத்தில் கடல் அமைதியாக இருக்கும்போது திரும்பிப் போக முடிவெடுப்பது சுலபமில்லை. ‘எச்சரித்தும் கேட்கவில்லை’ என்று கரையில் உட்கார்ந்து சொல்வதற்கு முன், திரும்பி வந்தால் அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ‘எச்சரிக்கை சரியான நேரத்தில் கொடுக்கப்பட்டதா’ என்று விவாதிக்கிறோம். அதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். அந்த நேரத்தில் கடலில் இருந்த படகுகளில் எத்தனைக்கு அது போய்ச் சேர்ந்தது? சேர்ந்தவர்களுக்குக் கரை திரும்ப எத்தனை மணி நேரம் மிச்சமிருந்தது?