கை பட்டுத் தேய்ந்த இடம்



கார்த்திகை பிறந்துவிட்டது. மலையேறும் பைக்குகளைப் பற்றிய கேள்விகள் தபாலில் வரத் தொடங்கும் மாதம். இந்த முறை குன்னூரிலிருந்து ஒரு வாசகர் இரண்டே வரியில் கேட்டிருக்கிறார்: “என் பைக்கில் ஹீட்டட் க்ரிப்பின் ரப்பர் தேய்ந்துவிட்டது. சூடு வருகிறது. மேலே எதையாவது சுற்றிக்கொண்டு ஓட்டலாமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?”

கேள்வி–பதில் பகுதியில் நாலு வரியில் முடித்திருக்கலாம். முடிக்க மனம் வரவில்லை. போன மார்கழியில் இதே கேள்விக்கு நானே தப்பான பதிலைச் சொல்லிக்கொண்டு வண்டியெடுத்தவன். அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை அவருக்கே கொடுத்துவிடுகிறேன்.

சமவெளி வாசகர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. ஹீட்டட் க்ரிப் என்பது ஹேண்டில்பாரின் இரு முனையிலும் நாம் பிடிக்கிற ரப்பர் கைப்பிடிதான். அதன் உள்ளே மெல்லிய சூட்டுக் கம்பியோ படலமோ ஓடும். பேட்டரியிலிருந்து மின்சாரம் போனால் சூடாகும். வீட்டு இஸ்திரிப் பெட்டி வேலை செய்கிற அதே முறை, அளவு மட்டும் சின்னது. இரண்டு கைப்பிடிக்கும் சேர்த்து 4 ஆம்பியர் வரை, அதாவது 50 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக, இழுக்கிற செட்டுகள்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. சென்னையில் இது யாருக்கும் தேவைப்படாது. ஊட்டியில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும் விடியற்காலையிலும், மணாலியிலிருந்து லே போகும் வழியில் பாரலாச்சா கணவாயை நனைந்த கையுறையோடு கடக்கும்போதும் இதன் அருமை தெரியும்.

என் வண்டியில் இருந்தது ஆறு வருடப் பழசு. வலது கைப்பிடியில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள மடிப்பு படும் இடத்தில், ரப்பரின் வரிகள் அழிந்து புளியங்கொட்டை மாதிரி வழவழத்துப் போயிருந்தது. மழையில் வழுக்கியது. ஒரு ஜோடி ஸ்பாஞ்ச் உறை வாங்கி மேலே மாட்டினேன். பிடிக்க மெத்தென்று இருந்தது. ஒரே ஒரு குறை, சூடு கைக்கு வந்து சேர நேரமாயிற்று. அதற்காக சுவிட்சை எப்போதும் கடைசிப் புள்ளியிலேயே வைத்துக்கொண்டேன். அந்தப் பழக்கம் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தது என்பதை மலை இறங்கும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஊட்டியிலிருந்து கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கக் கிளம்பினேன். தொட்டபெட்டா பிரிவு தாண்டியதும் வலது கை குளிர ஆரம்பித்தது. இடது கை நன்றாகவே சூடாக இருந்தது. முதலில் காற்று அந்தப் பக்கம் அதிகம் என்று நினைத்தேன். இன்னும் சில வளைவுகள் போனபின் முன் பிரேக் லீவரின் மேல் என் விரல் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிரேக்கை அழுத்துகிறேன், எவ்வளவு அழுத்துகிறேன் என்பது மனதுக்கு வந்து சேரவில்லை. எதிரே தேயிலை ஏற்றிய லாரி.

கட்டபெட்டில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தேன். இடது உள்ளங்கை சுட்டு, சட்டென்று விலகியது. வலது கை அதே டம்ளரைப் பிடித்தபடியே இருந்தது, அதற்குச் சூடே தெரியவில்லை. கடைக்கார அம்மா, “டீ சுடும் கண்ணு, பாத்துப் புடி” என்றார். விறைத்துப்போன கையோடு இறக்கத்தில் வண்டி ஓட்டுவது எத்தனை ஆபத்து என்பது அந்த டம்ளரைப் பிடித்திருந்தபோது எனக்கு விளங்கியதுபோல் வேறெப்போதும் விளங்கவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஸ்பாஞ்ச் உறையை உருவினார். அடியில் தேய்ந்த இடத்தில் நூல் மாதிரி ஒரு செம்புக் கோடு வெளியே தெரிந்தது. கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்துத் திருகினார். ஆக்சிலரேட்டர் குழாய் அசையவில்லை, ரப்பர் மட்டும் தனியாகச் சுற்றியது. “பசை விட்டுப்போச்சு சார். ரப்பர் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து வயரை இழுத்துருக்கு” என்றார். மல்ட்டிமீட்டரை வைத்தார். இடது பக்கம் 6 ஓம் காட்டியது. வலது பக்கம் முள்ளே அசையவில்லை. வயர் கைப்பிடிக்குள் நுழைகிற கழுத்திலேயே அறுந்திருந்தது.

நடந்தது இதுதான். ஸ்பாஞ்ச் உறை சூட்டை வெளியே விடவில்லை. கைக்கு வர வேண்டிய சூடு உள்ளேயே தங்கியது. நான் சுவிட்சைக் கூட்டினேன். குழாயோடு ரப்பரைப் பிடித்திருந்த பசை அந்தச் சூட்டில் இளகியது. ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரைத் திருகும்போதும் ரப்பர் ஒரு மயிரிழை நகர்ந்தது. வயருக்கு விட்டிருந்த தளர்ச்சி தீர்ந்து, ஒருநாள் பட்டென்று விட்டது. நல்லவேளை, அறுந்தது வயர். நகர்ந்த ரப்பரோ இழுபட்ட வயரோ சுவிட்ச் பெட்டியில் சிக்கி ஆக்சிலரேட்டர் திரும்பாமல் நின்றிருந்தால், இந்தப் பக்கத்தை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

ஆக, குன்னூர் வாசகருக்கு என் பதில், முதலில் கைப்பிடியைத் திருகிப் பாருங்கள் என்பதுதான். இடது கைப்பிடி ஹேண்டில் கம்பியின்மேல் துளிகூடச் சுற்றக் கூடாது. வலது கைப்பிடி ஆக்சிலரேட்டர் குழாயோடு சேர்ந்துதான் திரும்ப வேண்டும். தனியாகச் சுற்றினால் பேச்சே இல்லை, கழற்றியாக வேண்டும். செம்புக் கோடு தெரிந்தாலும், வெடிப்பு விட்டிருந்தாலும், ஒரு இடத்தில் மட்டும் பொறுக்க முடியாத சூடு அடித்தாலும் அதே தீர்ப்பு. மழைத் தண்ணீர் உள்ளே போனால் கம்பி அரிபட்டுச் சாகும்.

வரிகள் மட்டும் அழிந்திருக்கின்றன, மற்றபடி ரப்பர் முழுசாக, இறுக்கமாக இருக்கிறது என்றால் தூக்கிப் போட வேண்டியதில்லை. டென்னிஸ் மட்டைக்குச் சுற்றுகிற மெல்லிய டேப்பை ஒரே ஒரு சுற்று சுற்றலாம். தூண்டில் கழிக்குப் போடுகிற, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் சொரசொரப்பான ஸ்லீவ் இன்னும் நல்லது, நகராது. எதுவானாலும் மெல்லியதாக இருக்கட்டும். தடிமனான ஸ்பாஞ்ச் வேண்டாம். மாட்டிய பிறகும் மாதம் ஒருமுறை திருகிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூடிய பிறகு அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது.

கழற்றுவதாக முடிவு செய்தால் ஒரு எச்சரிக்கை. சாதாரண க்ரிப்பை மெக்கானிக்குகள் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுவார்கள். பழக்க தோஷத்தில் இதையும் கீறினால் உள்ளே இருக்கிற கம்பி போய்விடும். வேலை செய்கிற மறு பக்கத்தையும் சேர்த்துக் கொன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைப்பிடியை முழுச் சூட்டில் பத்து நிமிடம் வைத்து, பசை இளகியதும் சுவிட்சை அணைத்துவிட்டு, ஓரத்தில் மொண்ணையான மெல்லிய கம்பி ஒன்றை நுழைத்து, கம்ப்ரசர் காற்றை உள்ளே விட்டால் வழுக்கிக்கொண்டு வரும். வண்டியின் சொந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. இடது பக்கம் 22 மில்லிமீட்டர் ஹேண்டில் கம்பியின்மேல் நேராக உட்காருகிறது. வலது பக்கம் ஆக்சிலரேட்டர் குழாயின்மேல், கிட்டத்தட்ட 25 மில்லிமீட்டர். இடதுபுறச் சூட்டை இரும்புக் கம்பி தின்றுவிடும், வலதுபுறம் பிளாஸ்டிக் குழாய் சூட்டைக் காக்கும். அதைச் சரிக்கட்ட இரு பக்கத்துக்கும் கம்பிச் சுற்றை வேறுவேறாக வைக்கிற தயாரிப்பாளர்கள் உண்டு. வேறு கம்பெனி க்ரிப்பை ஒரு பக்கம் போட்டால் ஒரு கை வேகும், ஒரு கை விறைக்கும். ஜோடியாக மாற்றுவதே சரி. சில ஆயிரம் ரூபாய் ஆகும். அந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அது எனக்குப் பெரிய தொகையாகத் தெரியவில்லை.

மாட்டும்போது செட்டோடு வருகிற பசையையே போடுங்கள். சூடு தாங்காத பசை போட்டால் என் கதைதான் திரும்பும். வழுக்கி உள்ளே போக பெட்ரோலையோ ஆயிலையோ தடவ வேண்டாம், ரப்பர் ஊறி நாசமாகும். ஒரு ராத்திரி காயவிடுங்கள். வலது பக்க வயருக்குத் தாராளமாகத் தளர்ச்சி விட்டு, ஹேண்டிலை இடதுகோடிக்கும் வலதுகோடிக்கும் திருப்பி, ஒவ்வொரு கோடியிலும் ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பாருங்கள். வயர் எங்கும் இழுபடக் கூடாது. ஃப்யூஸ் வையுங்கள். சாவியை அணைத்தால் சூடும் அணையும்படி ஒரு ரிலே வையுங்கள். 4 ஆம்பியரில் மறந்து விட்டுவிட்டால், 8 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே மணி நேரத்தில் காலி. மலை உச்சியில், காலை நேரத்தில், அது எப்படிப்பட்ட தண்டனை என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. க்ரிப் உள்ளங்கையைத்தான் சுட வைக்கும். காற்று அடிப்பது புறங்கையில். முன்னால் ஒரு கைக்காப்பு இல்லாமல் எவ்வளவு விலையுயர்ந்த க்ரிப் போட்டாலும் பாதிப் பலன்தான். கையுறையும் உள்ளங்கைப் பக்கம் மெல்லியதாகவும் புறங்கைப் பக்கம் காற்றுப் புகாததாகவும் இருக்க வேண்டும்.

இதை எழுதும்போது, அதிகாலையில் நீலகிரியில் மொபெட்டில் பால் கேனும் பேப்பர் கட்டும் கொண்டுபோகிறவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஹேண்டிலில் பழைய கம்பளித் துணியைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு ஹீட்டட் க்ரிப் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். சின்ன வண்டியின் மின்சாரம் ஹெட்லைட்டுக்கே சரியாக இருக்கும், இந்தச் சுமையை அது தாங்காது. ஹேண்டிலோடு சேர்த்துக் கையை மூடுகிற பெரிய உறை அவர்களுக்குப் போதும். மின்சாரம் வேண்டாம், தையல்காரரிடம் ரெக்சின் கொடுத்தே தைத்துவிடலாம். லீவர்கள் தடையில்லாமல் அசைய உள்ளே இடம் விட வேண்டும், அவ்வளவே. அளவும் தைக்கும் விதமும் அடுத்த இதழில் படத்தோடு வரும். மலையில் இருக்கும் வாசகர்கள் ஏற்கெனவே தைத்துப் பார்த்திருந்தால், உங்கள் அளவுகளை எங்களுக்கு எழுதுங்கள், உங்கள் பெயரோடு வெளியிடுகிறோம்.

சமவெளிக்காரர்களுக்கு ஒன்றே ஒன்று. உங்கள் ஹீட்டட் க்ரிப் பெரும்பாலும் மலையில் கெடுவதில்லை, நம் ஊர் வெயிலில் கெடுகிறது. ரப்பரை வெயிலும் வியர்வையும் ஆயில் கையும்தான் அரிக்கின்றன. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். வழியில்லை என்றால் கைப்பிடிகளின் மேல் ஒரு பருத்தித் துணியைப் போட்டுவிட்டுப் போங்கள். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தால் இன்னும் இரண்டு குளிர்காலம் கூட வரும்.

இந்த மாதம் மலையேறுகிற ஒவ்வொருவரையும் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். கிளம்பும் முன், இன்ஜினை எழுப்பாமல், ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகிக் கையை விடுங்கள். அது தானாக, சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் அன்று வண்டியை எடுக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்