மரக்கறிச் செய்கை: மருந்துக் கணக்கை முதலில் போடுங்கள்

கண்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கடை வியாபாரத்தோடு மரக்கறிச் செய்கையிலும் முதலிடும் எமது வர்த்தகர்கள் இருக்கின்றனர். சிலர் காணியைக் குத்தகைக்கு எடுக்கின்றனர். சிலர் விவசாயிக்கு முற்பணம் கொடுத்து விளைச்சலைப் பேசிக்கொள்கின்றனர். நல்ல முயற்சிதான். ஆனால், இவர்கள் போடும் கணக்கில் குத்தகை, விதை, பசளை, கூலி, லொறி வாடகை எல்லாம் இருக்கும்; பீடைக் கட்டுப்பாட்டுக்கென்று ஒரு வரி இருக்காது. பூச்சி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றனர். நட்டம் நுழையும் வாசல் இதுவே.

கறிமிளகாயை எடுத்துக்கொள்வோம். காய்க்கத் தொடங்கினால் ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு தடவை பறிக்க வேண்டும். மருந்து தெளித்து எத்தனை நாட்களின் பின் அறுவடை செய்யலாம் என்பது போத்தலின் லேபலில் எழுதப்பட்டிருக்கும். 14 நாட்கள் என்று எழுதப்பட்ட மருந்தைக் காய் பறிக்கும் காலத்தில் அடித்தால், ஒரு பறிப்பையேனும் இழக்க வேண்டும். இல்லையேல் நஞ்சோடு காயைச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். முன்னையது வியாபார நட்டம். பின்னையது வாங்கி உண்ணும் மக்களுக்குச் செய்யும் அநியாயம். எனவே எந்தப் பருவத்தில் எதைத் தெளிப்பது என்பது நாற்று நடுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

அடுத்தது, நோயை அறியாமல் மருந்து வாங்கும் பழக்கம். "இலை சுருளுது" என்று கடையில் சொன்னால் ஒரு போத்தல் கிடைக்கும். பனிப்பூச்சி தாக்கினால் இலை பொதுவாக மேல்நோக்கிச் சுருளும். சிற்றுண்ணி தாக்கினால் கீழ்நோக்கிச் சுருளும். பனிப்பூச்சிக்கு அடிக்கும் மருந்துகள் பலவற்றுக்குச் சிற்றுண்ணி சாகாது. வெண் ஈ காவிவரும் வைரசினால் சுருண்டிருந்தால், அச்செடியைக் குணப்படுத்தும் மருந்தே கிடையாது. பிடுங்கி அகற்றுவதுதான் வழி. இந்த வித்தியாசம் தெரியாதவர் மூன்று போத்தல்களுக்குப் பணம் கொடுத்துவிட்டுச் செடியையும் இழப்பார்.

போத்தலின் பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. இரு கம்பனிகளின் இரு பெயர்களுக்குள் ஒரே இரசாயனம் இருக்கலாம். மாற்றி அடித்தோம் என்று நாம் நினைப்போம். பூச்சிக்கு அது பழகிய மருந்தாகவே இருக்கும். இதன் விளைவை உலகம் எப்போதோ கண்டுவிட்டது. கோவாவைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி டீ.டீ.ரீ.க்கு மசியாமல் போனதை 1953 இல் இந்தோனேசியாவின் ஜாவாவில் கண்டறிந்தனர். அதன் பின் வந்த பல மருந்துகளையும் அது வென்றுவிட்டது. வர்த்தகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் இரசாயனப் பெயரை வாசிப்பது காசு மிச்சப்படுத்தும் வேலை.

செலவு குறைந்த காரியங்கள் எல்லாம் ஆரம்பத்திலேயே செய்ய வேண்டியவை. சென்ற போகத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் நின்ற காணியில் கறிமிளகாயை நடாதீர்கள். வாடல் நோய் மண்ணில் காத்திருக்கும். நாற்று மேடையைப் பூச்சி புகாத வலையால் மூடுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறிகளை வையுங்கள். வாரம் இருமுறை இலையின் அடிப்புறத்தைப் பார்த்து, கண்டதைக் கொப்பியில் எழுதச் செய்யுங்கள். கடையில் ஸ்டொக் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

பூச்சியைக் கண்டவுடன் தெளிக்கவும் தேவையில்லை. ஒரு தடவை தெளிக்க மருந்துக்கும் கூலிக்கும் 6,000 ரூபா செலவாகி, அதனால் காப்பாற்றப்படும் காய் 3,000 ரூபா பெறுமதி என்றால் அந்தத் தெளிப்பு வியாபாரமாகாது. ஆனால் வைரசைப் பரப்பும் பூச்சி விடயத்தில் தாமதிக்கக் கூடாது.

போத்தலை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை 2021 காட்டியது. இரசாயனப் பசளை, விவசாய இரசாயனங்களின் இறக்குமதித் தடை அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் அறிவிக்கப்பட்டு நவம்பரில் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு ரூபாவின் வீழ்ச்சியோடு மருந்து விலை ஏறியது. வேறு வழி தெரிந்திருந்தவர்களே ஓரளவு சமாளித்தனர்.

கண்டியில் இருக்கும் எமக்கு ஆலோசனை தேடித் தூரம் போக வேண்டியதில்லை. விவசாயத் திணைக்களம் பேராதனையில் இருக்கிறது. பூங்கனியியல் பயிர் ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவனம் கன்னொருவையில் இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பதிவாளரின் அலுவலகம் கெட்டம்பையில் இருக்கிறது. 1920 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாலும் திணைக்களத்தின் ஆலோசனை கிடைக்கும். பகுதி விவசாயப் போதனாசிரியரை நாற்று மேடை போடும் நாளிலேயே சந்தியுங்கள்.

முற்பணம் கொடுப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். தெளித்த மருந்து, அளவு, திகதி ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும் என்பதை உடன்படிக்கையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கூடுதலாகத் தெளிப்பதால் ஏற்படும் செலவை விவசாயியின் தலையில் மட்டும் சுமத்தாமல், திட்டத்திலேயே அதற்கொரு தொகையை ஒதுக்குங்கள். அப்போதுதான் அவர் உண்மையை எழுதுவார். நீங்களும் விற்பது என்னவென்று தெரிந்து விற்பீர்கள்.