படம் கீறப் போகும் பிள்ளை



சென்ற மாதம் ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது, சபைத் தாய் ஒருவர் எங்களிடம் வந்தார். அவருடைய மகள் ஏ லெவல் படிக்கிறாள். "பிள்ளை ஊழியத்துக்குப் போறன் எண்டு சொல்லியிருந்தாலும் ஜெபம்பண்ணி அனுப்பியிருப்பம். இவள் படம் கீறப் போறாளாம். வாழ்நாள் முழுக்க அதுதானாம். நீங்கள் வாலிபருக்குப் பொறுப்பானவை, ஒருக்காப் பேசிப் பாருங்கோ" என்றார். குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

பேசுகிறோம் என்று சொல்லிவிட்டோம். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. 'முழுநேரம்' என்ற சொல்லுக்குப் பின்னால் நம் சபையில் ஒரு சொல்தான் வரும்: ஊழியம். முழுநேர ஓவியர் ஒருவரை நம்மில் யாரும் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அப்போதுதான் நாம் வாழும் இந்த லண்டனிலேயே ஒரு காலத்தில் நடந்து திரிந்த ஒருவர் நினைவுக்கு வந்தார்.

ஹவுன்ஸ்லோவுக்குப் பக்கத்தில் ஐசில்வர்த் இருக்கிறது. 1876இல் அங்கே ஒரு போதகர் நடத்திய சிறு பள்ளிக்கூடத்தில் 23 வயது டச்சு வாலிபர் ஒருவர் ஆசிரியராக இருந்தார். தகப்பன் போதகர், தகப்பனின் தகப்பனும் போதகர். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ரிச்மண்டில் உள்ள மெதடிஸ்ட் ஆலயத்தில் அவர் முதன்முறையாகப் பிரசங்கம் செய்தார். எடுத்துக்கொண்ட வசனம் சங்கீதம் 119:19. இந்தப் பூமியில் நாம் அந்நியராக இருக்கிறோம் என்பதே பொருள். ஊரை விட்டு வந்த நமக்கு அது புதிதல்ல. அந்தப் பிரசங்கத்தின் முடிவில் அவர் தாம் பார்த்த ஓர் ஓவியத்தை வர்ணித்தார்: மாலை நேரம், தூரத்து மலைக்குப் போகும் நீண்ட பாதை, கோலூன்றி நடக்கும் ஒரு பயணி. பிரசங்க பீடத்தில் நின்றபோதும் அவர் படமாகத்தான் யோசித்தார்.

அவர்தான் வின்சென்ட் வான் கோ.

அவர் ஊழியத்துக்குத்தான் போக விரும்பினார். இறையியல் படிப்புக்காக ஆம்ஸ்டர்டாமில் லத்தீனும் கிரேக்கமும் படித்தார், முடியாமல் விட்டார். பிறகு பெல்ஜியத்தின் பொறினாஜ் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நடுவே சுவிசேஷ ஊழியம் செய்தார். தம் உடைகளைக் கொடுத்துவிட்டார். குடிசையில் வைக்கோல்மேல் படுத்தார். காயப்பட்ட தொழிலாளரைப் பராமரித்தார். ஆனால் அனுப்பிய குழு 1879இல் அவருடைய நியமனத்தைப் புதுப்பிக்கவில்லை. பேச்சுத்திறன் போதாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

1880இல், 27ஆவது வயதில், அவர் ஓவியராவது என்று தீர்மானித்தார். 'இதுவும் தோற்கும்' என்று வீட்டார் நினைத்திருந்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஓவியக் கடை வேலை, பள்ளிக்கூட வேலை, புத்தகக் கடை, இறையியல், ஊழியம் என்று ஐந்தும் கைவிட்டுப் போயிருந்தன. அவருடைய தகப்பன் கொடுமைக்காரரும் அல்ல. மகன் வழியறியாமல் நின்ற நாட்களில் எல்லாம் உதவியவர். மண்டபத்தில் அந்தத் தாயின் குரலில் நாங்கள் கேட்ட பயம் அந்த வீட்டிலும் இருந்திருக்கும்.

அதன்பின் அவர் வாழ்ந்தது பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அவர் உணர்ச்சி வரும்வரை காத்திருந்து தூரிகை பிடித்தவர் அல்ல. முதலில் வரைதல் பயிற்சிப் புத்தகம் ஒன்றை வைத்துத் தாள்தாளாகப் பார்த்து வரைந்தார். மில்லே என்ற பிரெஞ்சு ஓவியரின் படங்களைத் திரும்பத் திரும்பக் கீறிப் பழகினார். 1885இல் 'உருளைக்கிழங்கு உண்போர்' என்ற ஓவியத்தைத் தொடங்குமுன், ஒரு குளிர்காலம் முழுவதும் விவசாயிகளின் முகங்களையும் கைகளையும் வரைந்துகொண்டிருந்தார். மண்ணைத் தோண்டிய அதே கைகள்தான் இப்போது தட்டிலிருந்து எடுத்து உண்கின்றன, இவர்கள் நேர்மையாக உழைத்து உண்கிறார்கள் என்பதைப் பார்ப்பவர் உணர வேண்டும் என்று விரும்பினார். நெருங்கிய நண்பரே அந்தப் படத்தைக் கடுமையாகக் குறைகூறினார். வான் கோ வேலையை நிறுத்தவில்லை. பத்து ஆண்டுகளில் 850க்கும் மேற்பட்ட ஓவியங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்கள். நேரம் கிடைக்கும்போது மட்டும் செய்கிறவரால் இதைச் செய்ய முடியாது. முழுநேரம் என்பதற்கு இதுதான் பொருள்.

அடுத்தது பணம். பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான், கேட்பதும் நியாயம். உயிரோடிருந்தபோது அவர் விற்றது ஒரே ஒரு படம் என்று சொல்வார்கள். அது முழுக்கச் சரியல்ல. 1882இல் அவருடைய சித்தப்பா ஒருவர் ஹேக் நகரக் காட்சிகள் 12 வரைந்து தரும்படி கேட்டு வாங்கினார். 1890இல் 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' 400 பிராங்குக்கு விற்றது. இருந்தாலும் அவருடைய உழைப்பால் அவருடைய வாழ்க்கை நடக்கவில்லை என்பது உண்மை. பாரிசில் ஓவியக் கடையில் வேலை பார்த்த தம்பி தியோ மாதந்தோறும் பணம் அனுப்பினார். பல ஆண்டுகள் அது மாதம் 150 பிராங்க் அளவில் இருந்தது. ஆர்ல் நகரில் அவருடைய நண்பரான தபால் ஊழியர் 135 பிராங்க் சம்பளத்தில் மனைவி பிள்ளைகளை வாழவைத்தார் என்றால், 150 சிறு தொகை அல்ல. ஆனால் வர்ணம், கன்வஸ், மாதிரியாக அமர்ந்தவர்களின் கூலி என்று அது கரைந்தது. உணவைக் குறைத்து வர்ணம் வாங்கிய நாட்களும் இருந்தன. வரைந்த படங்களை அவர் தம்பிக்கே கொடுத்தார். தாம் தம்பியிடம் தர்மம் வாங்கவில்லை, இருவரும் சேர்ந்தே இந்த வேலையைச் செய்கிறோம் என்று எண்ணினார்.

அவரை விசுவாச வீரராகக் காட்ட நாங்கள் முயலவில்லை. ஆலயத்துக்கு வர மறுத்ததால் 1881 நத்தாரன்று தகப்பனோடு சண்டை ஏற்பட்டு வீட்டைவிட்டு வெளியேறினார். தகப்பன் 1885இல் இறந்தார். சில மாதங்களுக்குப் பின் அவருடைய பெரிய வேதாகமத்தை மேசைமேல் விரித்து வைத்து வரைந்தார். திறந்திருக்கும் பக்கம் ஏசாயா 53. அருகே அணைந்த மெழுகுவர்த்தி. முன்னால் தாம் வாசித்துத் தேய்ந்த ஒரு பிரெஞ்சு நாவல். தகப்பனோடு பேசி முடிக்க முடியாததை அந்தப் படத்தில் வைத்தார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. நம் வீடுகளில் அந்தப் பேச்சு காலம் கடந்துபோக வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் மனநோயால் மிகவும் துன்பப்பட்டார். 1890 ஜூலை 29 அன்று, 37 வயதில், தம்மையே சுட்டுக்கொண்ட காயத்தால் இறந்தார். 'படம் கீறினால் இப்படித்தான் முடியும்' என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். நோய் கடுமையானபோது அவரால் வேலை செய்ய முடியவில்லை; தெளிந்த நாட்களில்தான் வரைந்தார். ஓவியம் அவருக்கு நோயாக இருக்கவில்லை, பிடிமானமாக இருந்தது. மனம் சோர்ந்திருக்கும் வாலிபர் யாராக இருந்தாலும், மருத்துவம் படிப்பவரோ வர்ணம் பூசுபவரோ, எங்களிடம் அல்லது ஒரு டொக்டரிடம் பேசத் தயங்க வேண்டாம்.

தியோவும் ஆறு மாதத்தில் இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்ற அவர் மனைவி யோகானா அந்தப் படங்களைக் கைவிடாமல் காத்தார், சகோதரரின் கடிதங்களைப் பதிப்பித்தார். நாம் டிரபால்கர் சதுக்கத்து தேசிய ஓவியக் கூடத்தில் கட்டணமின்றிப் பார்க்கும் 'சூரியகாந்திப் பூக்கள்' 1924இல் யோகானாவிடமிருந்து வாங்கப்பட்டது. இந்த ஓவியரின் கதையில் பாதி, அவரைத் தாங்கிய இரண்டு பேரின் கதை.

யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேலை வாசிக்கிறோம். தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று அங்கே கர்த்தர் சொல்வது பிரசங்கியை அல்ல, பொன்னிலும் மரத்திலும் வேலை செய்கிற கைவினைஞனை. ஆசரிப்புக் கூடாரத்துக்குத் தேவையான பொன்னையும் நூலையும் கொண்டுவந்தது ஜனங்கள். கைவேலை ஒருவனுக்குக் கொடுக்கப்பட்டது, தாங்கும் வேலை சபைக்குக் கொடுக்கப்பட்டது.

இதை எழுதும்போது நாங்களே குற்றவாளிகளாக நிற்கிறோம். நத்தார் நாடகத்துக்குப் பின்திரை, அறுப்பின் பண்டிகைக்குப் பதாகை, ஞாயிறு பள்ளிச் சுவர் எல்லாவற்றையும் இதே பிள்ளையிடம்தான் கேட்டோம். 'கெதியாக ஒன்று கீறித் தாம்மா' என்றோம். வர்ணத்தை அவள் தன் கைக்காசில் வாங்கினாள் என்பது அந்தத் தாய் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளையோடு பேசினோம். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. தினமும் எத்தனை மணி நேரம் கீறுகிறாய், எந்த வேலை செய்து வாடகை கட்டுவாய், குறை சொன்னால் தாங்குவாயா என்று கேட்டோம். முதல் இரண்டுக்கும் அவளிடம் பதில் இருந்தது. மூன்றாவதுக்கு, "தெரியேல்லை" என்றாள். பிறகு தாயையும் கூட்டிக்கொண்டு 'சூரியகாந்திப் பூக்களை'ப் பார்க்கப் போனோம். தாய் வெகுநேரம் நின்று பார்த்தார். "வாடின பூவையும் கீறியிருக்கிறார்" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது மகளிடம் அந்தப் படிப்பு எத்தனை வருஷம் என்று விசாரித்தார்.

இந்த ஆண்டு நத்தார் பின்திரைக்கான வர்ணச் செலவை வாலிபர் நிதியிலிருந்து கொடுக்கிறோம்.

இம்மாத வாலிபர் கூடுகைக்கு: யாத்திராகமம் 31:1–6, 35:20–35 வாசித்து வாருங்கள். உங்கள் வீட்டில் பேசத் தயங்கும் ஓர் அழைப்பு உண்டா? யாருக்கு நீங்கள் தியோவாக இருக்க முடியும்?