ஒரு புள்ளிதானே?

'ஒரு புள்ளிதானே, ஐயா' என்று கடைக்காரர் சொன்னதும் நாம் ஏன் தலையாட்டிவிட்டு வருகிறோம்? 1920க்கு 1080 என்ற கணினித் திரையில் 20,73,600 புள்ளிகள். ஒன்று செத்தால் என்ன என்பது அவர்கள் கணக்கு. அதற்கு அரணாக ஐ.எஸ்.ஓ. தரவிதி வேறு. 2001இல் வந்த 13406-2, இரண்டாம் வகுப்புத் திரையில் பத்து இலட்சத்துக்கு இரண்டு புள்ளிகள் எப்போதும் எரியலாம், இரண்டு அணைந்தே கிடக்கலாம் என்றது. 2008இல் 9241 வரிசை அதன் இடத்துக்கு வந்த பின்னும் வகுப்புகள் ஒழியவில்லை. சரி, எந்த வகுப்பென்று பெட்டியின் மேல் அச்சிட்டு விற்கலாமே? உத்தரவாதத் தாளின் பொடியெழுத்துக்குள் ஏன் ஒளிக்க வேண்டும்?

மெய்ப்புப் பார்க்கும் நமக்குப் புள்ளி அற்பமன்று. தொல்காப்பியந்தொட்டு மெய்யெழுத்துக்கு அடையாளமே அதுதான். வெண்திரையில் செத்த புள்ளி 'க'வின் தலையில் அமர்ந்தால் கண்ணுக்கு அது 'க்'. (ஏட்டில் புள்ளியின்றியே எழுதினார்களே என்பீர்கள். அவர்கள் அதைத் தரச்சான்று ஒட்டி விற்கவில்லை.)

விற்பவர் தாமே சொல்லிக்கொண்ட தரத்தில் குறைந்தாலும் அது குறைபாடே என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஆகவே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து நிறங்களையும் திரை முழுதும் நிரப்பிக் கடையிலேயே காட்டச் சொல்வோம். மறுக்கும் கடையில் பணத்தை எண்ணி வைக்க வேண்டாம்.