யார் மனமும் நோகக் கூடாதாம்

“வேதக்காரன் யார் மனசையும் நோகடிக்கக் கூடாது.” அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் பிள்ளைக்குச் சிலுவை போடச் சொல்லிக்கொடுக்கும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் இதைத்தான் அன்பு என்று நம்பினேன். இதற்குச் சரியான பெயர் பயம் என்று இப்போது சொல்கிறேன்.

இருபத்தைந்து வயதில், எங்கள் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதும் வேலை என்னிடம் வந்தது. நோட்டை விரித்துக் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தலித் மக்கள் வாழும் காலனியிலிருந்து ஒருவர் வந்தார். என் அப்பா வயது. நான்காக மடித்த நூறு ரூபாய்த் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். வியர்வையில் அதன் ஓரம் நனைந்திருந்தது. “எங்க பேரையும் எழுதிக்கங்க ஐயா” என்றார். வரியை வாங்கிவிட்டால் தேர் அவர்கள் தெருவுக்கும் போயாக வேண்டும். பக்கத்தில் நின்ற பெரியவர்கள் முகத்தைப் பார்த்தேன். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றேன். சிரித்த முகமாகத்தான் சொன்னேன். அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துக்கொண்டு போனார். “யார்கிட்டயும் பொல்லாப்பு இல்லாம முடிச்சிட்டியே” என்று அம்மா மெச்சினாள்.

அந்த ‘யார்’ என்ற சொல்லுக்குள் அவர் இல்லை. என் கோபமெல்லாம் இதன்மேல்தான். யார் மனமும் நோகக் கூடாது என்கிறவர்கள் நாட்டாண்மையின் மனத்தை, பங்காளியின் மனத்தை, பெண் கொடுத்த வீட்டாரின் மனத்தை நினைத்துத்தான் சொல்கிறார்கள். காலனிக்காரர் மனம் எத்தனை முறை நொந்தாலும் ஊர் அமைதியாக இருப்பதாகவே கணக்கு.

நம் ஊரில் இராயப்பர் என்று கும்பிடுகிற பேதுருவுக்கே இந்தப் பயம் வந்தது. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். சின்னப்பர் என்று நாம் சொல்கிற பவுல் அவரைத் தனியே கூப்பிட்டுப் பதமாகப் பேசவில்லை. எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் அவரே எழுதியிருக்கிறார். சண்டை எதற்கு என்று பாருங்கள்: யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்கு.

அதே சின்னப்பர்தான் எல்லாருக்கும் ஏற்றபடி நடந்துகொண்டதாகக் கொரிந்தியருக்கு எழுதினார் என்று சிலர் மறுப்பார்கள். எழுதினார். வெளியே நின்றவர்களை உள்ளே கொண்டுவரத்தான் அப்படி நடந்தார். உள்ளே இருப்பவர்களின் மனம் கோணாதிருக்க ஒருவரை வெளியே நிறுத்தியதில்லை.

மேலிடத்திலிருந்து சொல் வராமல் இல்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சாதி பாராட்டுவதைக் கண்டித்துப் பேசினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தன் கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. ஆனாலும் 2008 மார்ச்சில் இறையூரில் தலித் மக்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி எழுந்த கலவரம், துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போவதில் முடிந்தது. கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கோட்டப்பாளையத்தில் பாகுபாடு என்ற புகார் 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கோயில் திண்ணையிலேயே முடித்திருக்க வேண்டிய வழக்குகள் இவை. அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்த என்னைப் போன்றவர்கள் வாயைத் திறக்கவில்லை.

கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சிக்கு வருடம் தவறாமல் போகிறோம். வீரமாமுனிவர் எழுப்பிய தலம். மாதாவுக்கு அங்கே அடைக்கல மாதா என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பி, ஒரு தெருவுக்கு மட்டும் தேர் போகாது என்று எந்த வாயால் சொல்வது?

வரி நோட்டு இப்போது என் அண்ணன் வசம் இருக்கிறது. கொடியேற்றத்துக்கு முன்பு கூடும் கூட்டத்தில், காலனியின் தலைக்கட்டு ஒவ்வொன்றையும் அதில் எழுதச் சொல்லிக் கேட்கப்போகிறேன். அண்ணன் கோபித்துக்கொண்டு எழுந்து போவார். போகட்டும், நோட்டை நான் வாங்கி எழுதுகிறேன்.