நாம் சோதனை எலிகளா?

புதிய மருந்தொன்றின் பரிசோதனையில் சேரும்படி கேட்டால், வெள்ளவத்தை உத்தியோகத்தரும் தயங்குகிறார். வன்னியில் வயல் உழும் கமக்காரரும் தயங்குகிறார். “நாம் என்ன சோதனை எலிகளா?” என்பதே இருவர் நெஞ்சிலும் எழும் வினா. இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அது நீதியாகாது.

இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் டஸ்கீகியில், சிபிலிஸ் நோய் கண்ட கறுப்பின மக்களிடம் உண்மையை மறைத்து, பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் அதனைக் கொடாது, 1932 முதல் 1972 வரை நோயின் போக்கைப் பார்த்திருந்தனர் வைத்தியர்கள். இத்தகைய கொடுமையைக் கேட்டறிந்தவன் அஞ்சாதிருப்பானா?

ஆயினும், எல்லோரும் மறுத்திருந்தால் நாம் இழந்திருப்பது என்ன? பாம்புக்கடிக்கு ஏற்றப்படும் விஷமுறிவு மருந்தே சிலவேளை உயிருக்கு உலை வைக்கும் ஒவ்வாமையை விளைவிக்கிறது. அதனைத் தடுக்கும் வழியறிய இலங்கையின் மூன்று வைத்தியசாலைகளில் நடந்த பரிசோதனையில், பாம்பு கடித்த 1007 பேர் பங்குகொண்டனர். சிறிதளவு அட்ரினலினை முன்னரே கொடுத்தால் கடும் ஒவ்வாமை குறையும் என்னும் முடிவு 2011இல் வெளியாயிற்று. இன்று வயலில் கடியுண்ணும் கமக்காரருக்குப் பயன்படும் அந்த அறிவு, அன்று கடியுண்டவர்கள் அளித்த கொடையன்றோ?

எனவே, நம்பிக்கையை ஊட்டும் முதற்கடமை பரிசோதனை நடத்துவோரையே சாரும். நோயாளிக்கு விளக்கி, அவர் மனமுவந்து தரும் சம்மதத்தைப் பெறவேண்டும் என்று 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனம் வற்புறுத்திற்று. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் கூறிற்று. இவ்விரண்டும் ஏட்டுச் சுரைக்காயாகிவிடக் கூடாது. சம்மதப் பத்திரம் தமிழில் இருத்தல் மட்டும் போதாது. எழும் ஐயங்களுக்குத் தமிழில் விடையிறுக்க ஆளும் வேண்டும். கிளினிக்குக்கு வரும் நாளில் இழக்கும் கூலியை ஈடுசெய்ய வேண்டும். தீங்கு நேரின் பொறுப்பேற்பவர் யார் என்பதை எழுத்தில் தரவேண்டும். கண்ட முடிவைப் பங்குகொண்டவருக்கே அறிவிக்க வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. காலி வீதி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கும் நாம், அதனை முதன்முதல் விழுங்கிச் சோதனைக்கு உள்ளானவர் யார் என்று ஒரு கணமேனும் எண்ணியதுண்டா? பிறர் தோளேறிக் கரை சேர்வது மட்டும் நமக்கு அழகாகுமா?

மறுக்கும் உரிமை நமக்குண்டு. அதனை எவரும் பறிக்கவியலாது. ஆயின் மறுக்குமுன் கேட்போம். தக்க விடை கிடைப்பின் கையொப்பமிடுவோம். கிடையாவிடின் தலைநிமிர்ந்து எழுந்து வருவோம்!